கடையும் படுக்கைப்புண்ணும்: வன்னியில் ஒரு வாழ்வாதார உதவி பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் 2022 தை முதல் 2023 நடுப்பகுதி வரை நடந்ததை, வாழ்வாதார உதவி செய்கிற ஓர் அமைப்பாக நாங்கள் இங்கே பதிவு செய்கிறோம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சிறிய கடை ஒன்று போட்டுக் கொடுக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்ததாலேயே அவருக்குப் படுக்கைப்புண் வந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ இருக்கிறோம். வாழ்வாதார உதவி செய்கிற அமைப்புகளும், வெளிநாட்டில் இருந்து காசு சேர்த்து அனுப்புகிற ஊர்ச்சங்கங்களும், பிரதேச செயலகங்களில் இந்த வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர்களும் இதை முழுமையாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

பின்னணி

அவருக்கு அப்போது நாற்பது வயது கடந்திருந்தது. 2009 மார்ச்சில் எறிகணைச் சிதறல் முதுகில் பட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போயின. காயக்காரரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக ஏற்றிய நாட்களில் புதுமாத்தளனில் இருந்து புல்மோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு வவுனியா வைத்தியசாலை, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், அதன்பின் மீள்குடியேற்றம். வன்னியில் இந்த வழியாக வந்த குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

வீடு இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாயோடு குடும்பம் தன் காசையும் போட்டுக் கட்டியது. வாசலில் வேறொரு அமைப்பு சாய்தளம் அமைத்துக் கொடுத்திருந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் நன்றாகவே செய்திருந்தார்கள். கழிப்பறை மட்டும் வளவின் பின்பக்கம், சக்கர நாற்காலி நுழையாத ஒடுக்கமான கதவோடு. சலம் (சிறுநீர்) போவதற்குக் கதீற்றர் என்ற குழாயும் பையும். மாதாந்தம் அரசாங்கம் அப்போது கொடுத்த மாற்றுத்திறனாளிகள் உதவிப்பணம் 5,000 ரூபாய். மனைவி வயல் வேலைக்கும், கச்சான் பிடுங்கும் காலத்தில் அந்த வேலைக்கும் போவார். ஒரே மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

இந்தக் குடும்பத்தைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. காயம்பட்ட முதல் வருடத்தில் முகாமில் வந்த ஒரு சிறிய புண் ஆறிய பிறகு, பன்னிரண்டு வருடமாக அவர் உடம்பில் புண்ணே வரவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவருக்கு இது சாதாரண விசயமில்லை. அதைச் சாதித்தவர் அவருடைய மனைவி. விடியற்காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் கணவரைத் திருப்பிப் போட்டு, இருக்கைப் பக்கம், இடுப்பு எலும்பு, குதிக்கால், கணுக்கால் எல்லாவற்றையும் டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பார். சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அன்று முழுக்க அந்தப் பக்கம் படுக்க விடமாட்டார். வவுனியாவில் ஒரு தாதி சொல்லிக் கொடுத்ததாம். அந்த வீட்டில் இதற்கு ‘முதுகு பாக்கிறது’ என்று பெயர். இந்த வேலையை எந்த அமைப்பின் படிவத்திலும் எழுதுவதற்கு இடம் இருக்கவில்லை.

கடை வந்த விதம்

2021 இறுதியில் ஒரே பாடசாலையில் படித்து இப்போது வெளிநாடுகளில் இருக்கும் நண்பர்கள் சிலர் காசு சேர்த்து, போரில் காயப்பட்டவர்களுக்கு வாழ்வாதார உதவி செய்ய முன்வந்தார்கள். உள்ளூரில் ஒருவர் பெயர் திரட்டினார். குடும்ப வருமானம், பிள்ளைகள் எத்தனை, பக்கத்தில் வேறு கடை உண்டா, வளவுக்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கிறதா என்று கேட்டு எழுதினார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஒரு நாளில் எவ்வளவு நேரம் அவரால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்த கையோடு கடை திறக்கப்பட்டது. வீட்டு விறாந்தையை ஒட்டித் தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, முன்னால் ஒரு மேசைத் தட்டு, பின்னால் தட்டுகள். சீனி, பருப்பு, சவர்க்காரம், பிஸ்கட், கொப்பி, பேனை, கைத்தொலைபேசி ரீலோட். நாடா வெட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். அந்த நாள் அவருக்கு எவ்வளவு பெரிய நாள் என்பதை நாங்கள் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கொடுத்தவர்களின் மனமும் நல்ல மனம்தான்.

கடை முதல் வாரத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. விலைகள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சனம் நூறு கிராம் சீனி, அரைத் துண்டு சவர்க்காரம் என்று வாங்க வந்தார்கள். சந்தைக்குப் போய்ச் சாமான் எடுக்க மனைவி விடியவே புறப்பட வேண்டியிருந்தது. அவர் காலை ஆறு மணிக்குக் கடையில் இருந்தால் இரவு எட்டு ஒன்பது மணிக்குத்தான் எழும்புவார். முதுகு பார்க்கிற நேரம் அப்படியே காணாமல் போனது. மகளைப் பார்க்கச் சொல்ல முடியாது; வளர்ந்த பெண்பிள்ளை, அவரும் கூச்சப்பட்டார். இந்த ஒழுங்கு மாறியது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரிய நியாயமில்லை.

முதலில் கண்டவை

மார்ச் கடைசியில், நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற அந்த நாட்களில், மாதர் சங்க உறுப்பினரான அயலவர் ஒருவர் எங்கள் கள அலுவலருக்கு அழைப்பு எடுத்தார். ‘அண்ணைக்கு நாலு நாளாக் காய்ச்சல், கடையை விட்டு எழும்புறார் இல்லை’ என்பதுதான் தகவல்.

எங்கள் கள அலுவலர் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து செயற்கைக் கால் போட்டு நடப்பவர். காயக்காரர் குடும்பங்கள் அவரிடம் மறைப்பது குறைவு. அவர் கடைக்குப் போனபோது முதலில் கவனித்தது ஊதுபத்தி. சாமி படத்துக்கு முன்னால் ஒன்று எரிவது வழக்கம். அன்று மேசைத் தட்டுக்குக் கீழே, சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின்னுக்குள் நாலைந்து ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தன. அவர் நெற்றியில் வியர்வை. சாதாரணக் காய்ச்சல் என்றார். கள அலுவலர் அவரோடு வாதாடாமல் உள்ளே போய் மனைவியிடம் கேட்டார். மனைவி அழுதுவிட்டு, பாயில் கறை கண்டதையும், மஞ்சள் பூசியதையும், பாமசியில் குளிசை வாங்கிக் கொடுத்ததையும் சொன்னார்.

புண் இடது பக்க இருக்கை எலும்பின் மேல் இருந்தது. வெளியே வாய் இரண்டு ரூபாய்க் குற்றி அளவு. உள்ளே கறையான் தின்ற மரம் போலக் குடைந்து போயிருந்தது. இந்த வகைப் புண்ணில் ஆட்கள் ஏமாறுவது இதனால்தான். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் நசிபடும் தசை முதலில் சாகிறது, தோல் கடைசியில்தான் உடைகிறது. தோலில் தெரிவது சிறிது என்பதால் புண்ணும் சிறிது என்று நினைத்துவிடக்கூடாது. உணர்வில்லாதவருக்கு நோவும் தெரியாது. காய்ச்சலும் புண்ணின் கெட்ட மணமும்தான் சொல்லும்.

சக்கர நாற்காலியில் இருந்தது

அவரைப் படுக்கையில் கிடத்திய பிறகு கள அலுவலர் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். இருக்கைத் துணியின் மேல் குஷன் இல்லை. ஒரு பலகைத் துண்டு இருந்தது. அதன் மேல் நாலாக மடித்த உரப்பை, அதன் மேல் ஒரு துவாய்.

காரணம் மேசைத் தட்டு. தச்சர் வழமையான கடைக்குச் செய்கிற அளவில் 42 அங்குல உயரத்துக்குச் செய்திருந்தார். நின்றபடி வியாபாரம் செய்பவருக்குச் சரியான உயரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது கண்மட்டத்தில் வரும். சின்னப் பிள்ளைகள் வந்தால் தலை தெரியாது, காசு வைத்தால் கை எட்டாது. ஆகவே கடை திறந்த மூன்றாம் நாளே, இருந்த குஷனை எடுத்துவிட்டுப் பலகையை வைத்துத் தன்னை உயர்த்திக்கொண்டார். குஷனின் மேல் பலகை ஆடுகிறது என்று குஷனை மகளின் கதிரைக்குப் போட்டுவிட்டார். தன் வேலையைச் சரியாகச் செய்ய ஒரு மனிதர் தானாகக் கண்டுபிடித்த வழி அது. அதன் மேல் பதினைந்து மணித்தியாலம், இரண்டு மாதம்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. காலையில் நிரப்பி வைத்த தண்ணீர்ப் போத்தல் மத்தியானம் தாண்டியும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு அவர் சொன்னது: ‘அக்கா, கடைக்கு வாற பொம்பிளையளுக்கு முன்னால சலப்பையை என்னெண்டு வெறுமையாக்கிறது? குடிக்காட்டி நிரம்பாதுதானே.’ சலம் கலங்கிப் போயிருந்தது. காய்ச்சலுக்குப் புண் ஒரு காரணம், சலத்தொற்று இன்னொரு காரணம் என்று பிறகு வைத்தியசாலையில் தெரிந்தது.

வைத்தியசாலைக்குப் போவதா

வீட்டில் வைத்துக் கழுவிக் கட்டலாம் என்று மனைவி கேட்டார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அவர் வைத்தியசாலையில் துணைக்கு நின்றால் மகள் தனித்துவிடுவாள். கடைச் சாமானுக்கு வாங்கிய கடன் இருக்கிறது. பெற்றோலுக்கு ஓட்டோக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. எங்கள் கள அலுவலர் போகத்தான் வேண்டும் என்று நின்றார். காய்ச்சல் நான்கு நாளாக இறங்கவில்லை, புண் மணக்கிறது, ஆழம் எலும்புவரை போயிருக்கிறதா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. இந்த மூன்றும் சேர்ந்தால் கிருமி இரத்தத்துக்குள் போகும் ஆபத்து உண்டு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் காயத்தில் தப்பிப் பல வருடம் கழித்து இப்படிப்பட்ட புண்ணிலும் சலத்தொற்றிலும் செத்துப் போனதை வன்னியில் நாங்கள் கண்டிருக்கிறோம்.

மகளைச் சித்தி வீட்டில் விட்டு, 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்தோம். குப்புறப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொன்னது உதவியது.

கிளிநொச்சியில் செத்த தசையை வெட்டி அகற்றினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது. இரத்தம் குறைவாக இருந்தது. கதீற்றரை மாற்றி, ஊசி மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு இரண்டு வழிகளை வைத்தியர் சொன்னார். ஒன்று, பக்கத்துத் தசையைத் திருப்பி மூடும் சத்திரசிகிச்சை. அதற்கு வெளிமாவட்டம் போய்ப் பல வாரம் தங்க வேண்டும். மற்றது, வீட்டில் மருந்து கட்டி உள்ளேயிருந்து தானாக நிரம்ப விடுவது, மாதக்கணக்கில் எடுக்கும். எலும்பு தப்பியதாலும், மனைவியின் கைப்பக்குவத்தை விடுதித் தாதிமாரே கண்டதாலும் இரண்டாவது வழி தெரிவானது. ஒரே நிபந்தனை, புண் மூடும்வரை அதன் மேல் இருக்கவே கூடாது. சாப்பிடுவதற்காகவும் இருக்கக்கூடாது, கடையில் அரைமணி நேரமும் கூடாது.

கடையைப் பூட்டுவதா

எல்லோரும் நேரம் எடுத்துப் பேசிய இடம் இதுதான். விறாந்தையில் அவர் படுத்திருக்க, மனைவி, மனைவியின் தங்கை, மாதர் சங்கச் செயலாளர், எங்கள் கள அலுவலர் ஆகியோர் இருந்தார்கள். உதவி செய்த நண்பர்கள் சார்பில் ஒருவர் வட்ஸ்அப்பில்.

வெளிநாட்டில் இருந்தவரின் கவலை, கடை மூடினால் அடுத்தவர்களுக்குக் காசு சேர்ப்பது கடினமாகும் என்பது. நல்ல முறையில்தான் சொன்னார். ஆனால் திறப்பு விழா வீடியோ எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் அந்தக் கவலைக்குள் இருந்தது. மனைவிக்குக் கடை போதும் போதும் என்றாகிவிட்டது. பூட்டிவிடலாம் என்ற பக்கம்தான் பேச்சு சாய்ந்தது. அப்போது அவர் தலையைத் தூக்கிச் சொன்னார்: ‘பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு என்ர பேரைச் சொல்லிச் சனம் ஒரு இடத்துக்கு வருது. என்னைக் கிடக்கச் சொல்லுங்கோ, கிடக்கிறன். கடையைப் பூட்டச் சொல்லாதேங்கோ.’

அதன் பிறகு கேள்வி வேறாகியது. அவர் இருக்காமல் கடை எப்படி நடக்கும் என்று யோசித்தோம். கடையின் பின்பாதியில் ஒரு கட்டிலைப் போட்டுத் திரை கட்டினோம். காலையில் இரண்டு மணித்தியாலமும் மாலையில் மூன்று மணித்தியாலமும் மட்டும் கடை. முன்னால் மனைவியின் தங்கை நிற்பார். கட்டிலில் குப்புறப் படுத்தபடி அவர் ரீலோட் போடுவார், கடன் கொப்பி எழுதுவார், சாமான் முடிவதைப் பார்த்து அழைப்பு எடுப்பார். வந்த சனத்தோடு திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே கதைப்பார். சலப்பையும் கட்டிலின் மறுபக்கம் போனதால் தண்ணீர் குடிக்கவும் தொடங்கினார்.

தங்கைக்கு யார் காசு கொடுப்பது என்பதில் இழுபறி வந்தது. உதவி செய்த குழுவில் சிலர், சாமானுக்கு அனுப்பிய காசில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்றார்கள். இரண்டு பேர் மட்டும் தங்கள் பொறுப்பில் ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் தருவதாக இருந்த இரண்டாம் கட்டக் காசு வரவில்லை. பெண்கள் வீட்டுக்குள் செய்யும் உழைப்பைச் சும்மா கிடைப்பதாக நினைப்பது எங்கள் சமூகத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. உதவித் திட்டங்களும் அதையே கணக்காக எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கூட்டத்தில் இதை நாங்கள் வெளிப்படையாகவே சொன்னோம்.

புண் ஆறிய மாதங்கள்

ஒருவர் மின்சாரத்தில் இயங்கும் காற்று மெத்தை தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். மின்சாரம் நிற்கும் நேரத்தில் அது காற்றிறங்கிக் கட்டில் பலகையோடு ஒட்டிவிடும், உணர்வில்லாதவருக்கு அது தெரியவும் மாட்டாது. தடித்த நுரை மெத்தை வாங்கினோம். அயலில் சிலர் மோட்டார்சைக்கிள் ரியூப்பை வளையமாக வைத்துப் படுக்கச் சொன்னார்கள். இதைப் பல வீடுகளில் செய்கிறார்கள், செய்யக்கூடாது. வளையத்தின் விளிம்பு சுற்றிவரத் தசையை அழுத்திப் புண்ணுக்குப் போகிற இரத்தத்தையே மறிக்கும்.

முதல் வாரங்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்ப வேண்டியிருந்தது. இரவில் தொலைபேசி அலாரம் அடிக்க அடிக்க மனைவி எழும்பினார், பகலில் வேலை, முகம் கறுத்துப் போனார். இயன்மருத்துவர் கணவரைக் குப்புறப் படுத்துத் தூங்கப் பழக்கியதுதான் மனைவியைக் காப்பாற்றியது. நெஞ்சுக்குக் கீழே ஒன்று, தொடைக்குக் கீழே ஒன்று, முழங்காலுக்குக் கீழ்ப்புறம் ஒன்று என்று தலையணை வைத்து, முழங்கால் சில்லும் கால்விரல்களும் எதிலும் முட்டாமல் விட வேண்டும். தோல் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டினார்கள். அவர் நாலு மணித்தியாலம் தொடர்ந்து குப்புறப் படுக்கப் பழகியபோது மனைவியும் நாலு மணித்தியாலம் தூங்கினார்.

மருந்து கட்டுவது வீட்டிலேயே. அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, அதில் கழுவி, நனைத்த துணியைக் குடைவுக்குள் தளர்வாக வைத்து மேலே கட்டு. இறுக்கி அடைத்தால் அதுவே அழுத்தமாகிவிடும். கிளினிக்குக்கு இரண்டு வாரத்துக்கு ஒருதரம் போவதே பெரும்பாடு. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகு ஓட்டோவுக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர்தான். ஓட்டோக்காரத் தம்பி தன் பங்கில் எங்களுக்கு ஒதுக்கி வைத்தார்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புண் நிரம்பப் புரதம் வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், 5,000 ரூபாய் உதவிப்பணம் இருக்கிறவருக்கு முட்டை எட்டாப் பொருளாகிவிட்டது. மாதர் சங்கம் தங்கள் உறுப்பினர்களின் வீட்டுக் கோழி முட்டையைச் சுற்று முறையில் கொடுக்கத் தீர்மானித்தது. குளத்து மீன், பயறு, முருங்கையிலை வளவிலும் அயலிலும் கிடைத்தன. ஆவணி மாதத்தில் புண்ணின் அடி சிவந்து நிரம்பத் தொடங்கியது. மாரி மழைக்குள் மூடியது.

மூடியதும் இருந்துவிட முடியாது. ஆறிய இடத்துக்குப் பழைய தோலின் பலம் எப்போதும் வராது. சில வாரம் பொறுத்து, குஷனில் ஒரு நாளைக்கு இரண்டுதரம் கால்மணி நேரம் இருக்க வைத்தார்கள். எழும்பியதும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறைந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம், மறையாவிட்டால் கூட்டக்கூடாது. 2023 தையில் சொந்தக்காரர் கலியாணத்தில் அவர் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட, சிவப்பு மறுநாளும் நின்றது. திரும்பவும் பத்து நாள் படுக்கை. அவர் முறுமுறுக்கவில்லை. இந்த முறை கண்டுபிடித்தது அவரேதான். நீளக் கைபிடி வைத்த கண்ணாடியில் தன் முதுகைத் தானே பார்க்கப் பழகியிருந்தார்.

முடிவில் இருந்த நிலை

பங்குனியில் அவர் மறுபடியும் கடையின் முன்னால் வந்தார். அதற்கு முன் தச்சரைக் கூப்பிட்டு மேசைத் தட்டின் கால்களை வெட்டி உயரத்தை 30 அங்குலமாக்கினோம். அரைநாள் வேலை. முழங்கால் உள்ளே போக இடம் விட்டு, அதிகம் போகிற சாமான்களைக் கையெட்டும் தட்டுகளுக்கு இறக்கினார்கள். கடை நேரம் காலை மாலையாகவே தொடர்கிறது. மத்தியானம் அவர் குப்புறப் படுக்கிறார். இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருதரம் மேசைத் தட்டின் மேல் மார்பைச் சாய்த்து ஏறத்தாழ 2 நிமிடம் முன்னால் குனிந்திருப்பார். கையை ஊன்றி ஒரு நொடி தூக்கிவிட்டு இருப்பது போதாது. நசிந்த இடத்துக்கு இரத்தம் திரும்ப நேரம் வேண்டும். தட்டு தாழ்ந்ததால்தான் இப்படிச் சாயவும் முடிகிறது.

வருமானம் முதல் இரண்டு மாதத்தில் வந்ததைவிடக் குறைவு. கடன் கொப்பியில் வராத காசும் உண்டு. மகள் அந்த வருடத்தில் பாடசாலைக்குப் போகாத நாட்கள் அதிகம், கணிதத்தில் பின்தங்கிப் போனாள். மாதர் சங்கச் செயலாளர் மாலையில் சொல்லிக் கொடுக்கிறார். மனைவிக்கு இடுப்பு நோ. ஒன்பது மாதம் ஒரு வளர்ந்த ஆணைத் தனியாகத் திருப்பியதன் பலன் அது. கிளினிக்கில் எல்லோரும் அவருடைய கணவரைத்தான் விசாரிப்பார்கள்.

அதே உதவித் திட்டத்தில் கடை பெற்ற மற்றக் குடும்பங்களையும் போய்ப் பார்த்தோம். சக்கர நாற்காலியில் இருந்த இன்னொருவருக்கும் இருக்கைப் பக்கம் தோல் உடையத் தொடங்கியிருந்தது. அவர் கடையிலும் மேசைத் தட்டு அதே உயரம். ஆழமாகப் போக முன் கண்டதால் படுக்கையிலேயே ஆறியது.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

வாழ்வாதார உதவிக்கு நாங்கள் நிரப்பும் படிவத்தில் இப்போது வருமானத்துக்கு முன்னால் உடம்பைப் பற்றிய கேள்விகள் வருகின்றன. ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறார், எதன் மேல் இருக்கிறார், முதுகை யார் எப்போது பார்க்கிறார், இந்தத் தொழில் வந்தால் அந்த ஆளுக்கு அந்த நேரம் மிஞ்சுமா, சலப்பையை எங்கே வெறுமையாக்குவார். பதில் சரியில்லாவிட்டால் உதவியை மறுப்பதில்லை, அதைச் சரிசெய்வதற்கான செலவையும் உதவிக்குள் சேர்க்கிறோம். குஷன் வாங்காமல் சாமான் வாங்குவதில்லை. தச்சர் அளவெடுக்கும்போது உரியவர் தன் சொந்த நாற்காலியில் இருக்க வேண்டும். கடை திறந்து இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் கள அலுவலர் போய் நாற்காலியைத் தூக்கிப் பார்ப்பார்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. 2016இல் இலங்கை இதே உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் ஏற்று உறுதிசெய்தது. பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் கேட்க இவை உதவுகின்றன. கிராமத்தில் ஒருவருடைய சொந்தக் கடையின் மேசைத் தட்டைப் பார்க்க உதவி கொடுப்பவரின் கண்தான் வேண்டும்.

புலம்பெயர் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். காசு அனுப்பும்போது அதில் ஒரு பங்கை வீட்டில் பராமரிக்கிறவரின் நேரத்துக்கு என்று எழுதி அனுப்புங்கள். திறப்பு விழாப் படத்தோடு நின்றுவிடாமல் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அந்த நண்பர் குழுவில் சம்பளத்தை ஏற்ற இருவரும் இப்போது இந்த இரண்டையும் செய்கிறார்கள்.

பராமரிக்கும் பெண்களுக்கு ஆளைத் தூக்கும் முறை, திருப்பும் முறை, புண்ணை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளும் முறை ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கப் பிரதேசத்தின் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நடத்தினோம். பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. டோர்ச்சை எந்தச் சரிவில் பிடித்தால் கறுத்த தோலில் சிவப்பு தெரியும், தெரியாவிட்டால் புறங்கையை வைத்து எப்படிச் சூட்டைப் பார்ப்பது என்று காட்டினார். அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தோம். அடுத்த பயிற்சி பக்கத்துப் பிரிவில் நடக்க இருக்கிறது. அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு.